பெரிய நம்பரும் சின்னத் திருகும்: .22 ரைஃபிளுக்கு ஸ்கோப் வாங்கச் சொல்லும் அறிவுரைகள் பற்றி

.22 ரிம்ஃபயர் டார்கெட் ரைஃபிளுக்கு எந்த ஸ்கோப் நல்லது என்று கேட்டுப் பாருங்கள். வருகிற பதில் பெரும்பாலும் ஒரு எண்ணாகத்தான் இருக்கும். "24 எக்ஸ் எடுங்க", "36 எக்ஸ் இருந்தாத்தான் ஓட்டை தெரியும்", "30 மில்லிமீட்டர் குழாய் எடுங்க, வெளிச்சம் அள்ளும்", "ரைஃபிளுக்குப் போட்ட காசு ஸ்கோப்புக்கும் போடணும்". மாட்டும் முறையைக் கேட்டால் ஒரே வரி: "முடிஞ்ச அளவு தாழ்வா மாட்டுங்க". இந்த ஐந்தும் துப்பாக்கி பற்றிய கட்டுரைகளிலும் காணொளிகளிலும் திரும்பத் திரும்ப வருகின்றன. இவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, 50 மீட்டரில் இவை எத்தனை மில்லிமீட்டர் பெறும் என்று கணக்குப் பார்ப்பதுதான் இந்தக் குறிப்பின் வேலை.

முதலில் ஒரு தெளிவு. தமிழ்ச் செய்திகளில் துப்பாக்கி சுடுதல் என்று வருவது பெரும்பாலும் ஒலிம்பிக் வகை. அதில் ஸ்கோப்புக்கு இடமே கிடையாது. 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கிய 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியும் .22 ரைஃபிள் போட்டிதான். ஆனால் அந்த ரைஃபிளின் மேல் இருப்பது சின்னத் துளை வழியாகப் பார்க்கும் பீப் சைட். ஸ்கோப் வருவது வேறு இடங்களில். மேஜைமேல் ரைஃபிளைத் தாங்கவைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிகள், அமெரிக்காவின் ஸ்மால்போர் போட்டிகளில் "எந்த சைட்டும் வைக்கலாம்" என்ற பிரிவு, அண்மைக் காலத்தில் பெருகியிருக்கும் 200 மீட்டர் தாண்டிய .22 போட்டிகள். நான் பேசுவது இவற்றைப் பற்றி.

அளவுகோல்

விவாதம் காற்றில் போகாமல் இருக்க ஓர் அளவுகோல் வேண்டும். சர்வதேச 50 மீட்டர் டார்கெட்டில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மி.மீ. தோட்டாவின் விட்டம் ஏறத்தாழ 5.6 மி.மீ. தோட்டாவின் விளிம்பு அந்த வட்டத்தைத் தொட்டாலே பத்து. அப்படியானால் தோட்டாவின் மையம் நடுப்புள்ளியிலிருந்து 8 மி.மீ. விலகும் வரை பத்து கிடைக்கும், அதைத் தாண்டினால் ஒன்பது. இந்த 8 மி.மீ.தான் கையில் இருக்கும் மொத்த பட்ஜெட். ஸ்கோப் தின்பது, மவுன்ட் தின்பது, தோட்டா தின்பது, சுடுபவர் தின்பது எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். இனி ஒவ்வொரு அறிவுரையையும் இந்த பட்ஜெட்டில் வைத்துப் பார்ப்போம்.

உருப்பெருக்கம்

நல்ல பார்வை உள்ள கண்ணுக்கு ஏறத்தாழ ஒரு கோண நிமிடம் வரை பிரித்தறிய முடியும். 50 மீட்டரில் அது 14.5 மி.மீ. 10 மடங்கு ஸ்கோப் வைத்தால் அது 1.5 மி.மீ. ஆகிறது. 36 மடங்கு வைத்தால், கணக்குப்படி, 0.4 மி.மீ. ஆக 10 மடங்கிலேயே நம் பட்ஜெட்டில் ஐந்தில் ஒரு பங்கைவிடச் சிறிய வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. வெள்ளைத் தாளில் தோட்டா போட்ட ஓட்டையும் தெரியும். 36க்குப் போவதால் கூடுதலாகக் கிடைக்கும் ஒரு மில்லிமீட்டர், குறி எங்கே வைப்பது என்பதில் கிடைக்கிறது. அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு விலை உண்டு.

படுத்துக்கொண்டு கைவாரைப் பூட்டிச் சுடுபவருக்கு 36 மடங்கில் தன் நாடித்துடிப்பே தெரியும். ரைஃபிள் ஆடுவது கூடவில்லை, ஆட்டம் தெரிவது கூடுகிறது. குறி நடுவில் வரும் நொடிக்காகக் காத்திருந்து டிரிகரை வெடுக்கென்று இழுக்கும் பழக்கம் அங்கே தொற்றிக்கொள்ளும். வெயில் ஏறிய நேரத்தில் தரையிலிருந்து எழும் கானல் டார்கெட்டையே நெளியவைக்கும். உருப்பெருக்கம் கூடினால் கானலும் சேர்ந்தே பெருக்கம் ஆகும்.

இதற்கு பெஞ்ச்ரெஸ்ட்காரர்கள் ஒரு பதில் சொல்வார்கள். நியாயமான பதில்தான். அவர்களின் ரைஃபிள் மணல்பை மேல் அசையாமல் இருக்கிறது, நாடித்துடிப்புக்கு அங்கே வேலை இல்லை. கானல் நெளிவதைப் பார்த்துக் காற்றின் போக்கைக் கணிக்கிறார்கள், ஆகவே கானல் அவர்களுக்குத் தொந்தரவு அல்ல, தகவல். அவர்கள் 36, 45 என்று போவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை, அந்த மேஜைக்கான அறிவுரையைப் படுத்துச் சுடுபவருக்கும் அப்படியே எடுத்துக் கொடுப்பதில்தான். அதே பெஞ்ச்ரெஸ்ட் உலகத்திலேயே ஸ்போர்ட்டர் என்று ஒரு பிரிவு உண்டு. ஐ.ஆர். 50/50 விதிகளில் அந்தப் பிரிவுக்கு 6.5 மடங்குக்கு மேல் ஸ்கோப் கூடாது. அதையும் ஆட்கள் ஆர்வமாகச் சுடத்தான் செய்கிறார்கள்.

யாரும் முதலில் சொல்லாத விஷயம்

பள்ளியில் அளவுகோலைச் சாய்வாகப் பார்த்தால் அளவு தப்பாக வரும் என்று சொல்லிக்கொடுத்தார்களே, இடமாறு தோற்றப் பிழை, அதேதான் ஸ்கோப்பிலும். ஸ்கோப்பின் உள்ளே குறுக்குக்கோடு இருக்கும் தளத்தில் டார்கெட்டின் பிம்பம் சரியாக விழ வேண்டும். கொஞ்சம் முன்னே பின்னே விழுந்தால், கண்ணை அசைக்கும்போது குறுக்குக்கோடு டார்கெட்டின் மேல் நகர்வது போல் தெரியும். ரைஃபிள் அசையவில்லை, கண்தான் அசைந்தது. ஆனால் நாம் குறுக்குக்கோட்டைத்தான் நம்புவோம், ரைஃபிளைத் திருப்பிவிடுவோம்.

திருகி மாற்றும் வசதி இல்லாத ஸ்கோப்புகளில் இந்தப் பிழை இல்லாத தூரம் தொழிற்சாலையிலேயே நிர்ணயிக்கப்படுகிறது. பெரிய ரைஃபிள்களுக்கானவை பொதுவாக 100 கஜத்துக்கு. ரிம்ஃபயர் என்று பெட்டியில் போட்டவை பொதுவாக 50 கஜத்துக்கு. இதனால் வரும் அதிகபட்சப் பிழையைக் கணக்கிட எளிய வாய்ப்பாடு உண்டு. முன் லென்ஸின் ஆரத்தை எடுங்கள். டார்கெட் தூரத்துக்கும் நிர்ணயித்த தூரத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்குங்கள். நிர்ணயித்த தூரத்தால் வகுங்கள்.

40 மி.மீ. முன் லென்ஸ், 100 மீட்டருக்கு நிர்ணயித்தது, 50 மீட்டரில் சுடுகிறோம் என்று வையுங்கள். 20 பெருக்கல் 50 வகுத்தல் 100. விடை 10 மி.மீ. நம் பட்ஜெட் மொத்தமே 8. கண் ஓரத்துக்குப் போனால்தான் இவ்வளவு, உண்மை. பாதி விலகினால் 5 மி.மீ. ஆனாலும் ஒருவர் 10 மடங்கிலிருந்து 24 மடங்குக்குப் போய்ச் சம்பாதிக்கும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான லாபத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெட்டியில் கொட்டை எழுத்தில் இருப்பது எது, கையேட்டின் நடுவில் ஒளிந்திருப்பது எது?

மிக அதிக உருப்பெருக்கத்தில் இந்தப் பிழை இயல்பாகவே கொஞ்சம் அடங்கும் என்பதையும் சொல்ல வேண்டும். 40 மி.மீ. லென்ஸும் 36 மடங்கும் சேர்ந்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான், கண் அலைவதற்கு இடமில்லை. அந்த வகை ஸ்கோப்புகளில் தூரத்துக்கேற்பத் திருகும் வசதியும் கிட்டத்தட்ட எப்போதும் இருக்கும். ஆகவே அடிபடுபவர் பெரும்பாலும் யார்? பெரிய ரைஃபிளுக்கான 3-9 எக்ஸ் ஸ்கோப் ஒன்றை .22 மேல் தூக்கி வைக்கும் புதியவர். அறிவுரை அதிகம் தேவைப்படுவதும் அவருக்குத்தான்.

திருகும் வசதி இருந்தாலும் அதன் மேல் அச்சிட்ட தூரத்தை அப்படியே நம்பக் கூடாது. முதலில் கண்பக்கத்து வளையத்தைத் திருகிக் குறுக்குக்கோடு கூர்மையாகத் தெரியும்படி செய்ய வேண்டும். வெள்ளைச் சுவரைப் பார்த்து, நீண்ட நேரம் உற்றுப் பார்க்காமல், சட்டென்று பார்த்துச் சட்டென்று விலகி. பிறகு ரைஃபிளை மணல்பையில் அசையாமல் வைத்துத் தலையை மட்டும் மேலும் கீழும் ஆட்டிப் பார்க்க வேண்டும். குறுக்குக்கோடு டார்கெட்டில் ஒட்டிக்கொண்டு நிற்கும் இடம்தான் சரியான இடம். குமிழில் அப்போது 50 என்று இருக்கிறதா 60 என்று இருக்கிறதா என்பது முக்கியமே இல்லை.

குழாயும் வெளிச்சமும்

30 மி.மீ. குழாயால் வெளிச்சம் கூடாது. வெளிச்சத்தைத் தீர்மானிப்பவை முன் லென்ஸின் அளவு, வைத்திருக்கும் உருப்பெருக்கம், லென்ஸ் பூச்சின் தரம். பகலில் சுடும்போது கண்ணின் பாவை 2, 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கியிருக்கும். 40 மி.மீ. லென்ஸ் 16 மடங்கில் தரும் ஒளிவட்டம் 2.5 மி.மீ., போதும். தடித்த குழாய் உண்மையில் தருவது குறுக்குக்கோடு உள்ளே நகர்வதற்கான இடம். அது யாருக்குத் தேவை?

சாதாரண டார்கெட் தோட்டா 40 கிரெயின், அதாவது சுமார் 2.6 கிராம், வினாடிக்கு 325 மீட்டர் போல, ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழே கிளம்புகிறது. 50 மீட்டருக்குச் சரிசெய்த ரைஃபிளில் 100 மீட்டரில் அது ஏறத்தாழ ஒரு சாண் கீழே விழும். 200 மீட்டரில் ஒன்றரை மீட்டருக்கும் மேல், கோணத்தில் சொன்னால் கிட்டத்தட்ட 30 நிமிடம். 50 மீட்டருக்கே நடுவிலிருந்து 11, 12 நிமிடம் ஏற்றியிருப்போம். மொத்தம் நாற்பதுக்கு மேல். மொத்த நகர்வு 60 நிமிடம் உள்ள ஸ்கோப்பில் நடுவிலிருந்து மேலே 30தான் உண்டு, போதாது. 20 நிமிடச் சரிவு கொடுத்துச் செய்த ரெயிலில் அதே ஸ்கோப்பை வைத்தால் 50 கிடைக்கும், போதும். ஆகவே 200 மீட்டர்காரருக்குத் தடித்த குழாயும் சரிவு ரெயிலும் உண்மையான தேவை. 50 மீட்டரை விட்டு நகராதவருக்கு இரண்டுமே வெறும் செலவு. அவர் பார்க்க வேண்டியது கிளிக்கின் அளவை. கால் நிமிடக் கிளிக் 50 மீட்டரில் 3.6 மி.மீ., எட்டில் ஒரு நிமிடக் கிளிக் 1.8 மி.மீ., 0.1 மில்லிரேடியன் கிளிக் 5 மி.மீ. எட்டு மில்லிமீட்டர் பட்ஜெட்டில் ஐந்து மில்லிமீட்டர் படிக்கட்டு என்பது தையல் வேலைக்குக் கடப்பாரை.

மாட்டும் கலை

இனி மவுன்ட். இங்கேதான் எனக்குக் கோபமே வருகிறது. ஆயிரம் வார்த்தை லென்ஸைப் பற்றி எழுதுபவர்கள், ரைஃபிளையும் ஸ்கோப்பையும் சேர்க்கும் நான்கு சின்னத் திருகுகளுக்கு ஒரு வரி ஒதுக்குகிறார்கள்.

.22 ரைஃபிள்களின் மேல் வெட்டியிருக்கும் டவ்டெயில் பள்ளம் ஒரே அளவு அல்ல. ஆன்ஷூட்ஸ், சி.இசட் போன்ற ஐரோப்பிய ரைஃபிள்களில் 11 மி.மீ. அமெரிக்க ரைஃபிள்கள் பலவற்றில் எட்டில் மூன்று அங்குலம், அதாவது 9.5 மி.மீ. பக்கச் சரிவின் கோணமும் மாறும். இரண்டுக்கும் பொருந்தும் என்று விற்கும் ரிங்குகள் பிடிக்கத்தான் செய்யும், ஆனால் முழுப் பரப்பும் படியாமல் விளிம்பில் மட்டும் கடித்துப் பிடிக்கும். .22க்கு உதைப்பு சொற்பம் என்பதால் இது உடனே தெரியாது. நூறு தோட்டாவுக்குப் பிறகு குறி மெல்ல நகரும், பழி தோட்டாமேல் போகும்.

"தாழ்வா மாட்டு" என்பதை எடுத்துக்கொள்வோம். ஸ்கோப்பின் உயரம் 50 மீட்டரில் துல்லியத்தைக் கெடுக்காது. கெடுப்பது, கன்னம் கட்டையில் பதியாமல் தலை அந்தரத்தில் நிற்பது. தலை அந்தரத்தில் நின்றால் கண் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் இருக்கும், மேலே சொன்ன இடமாறு தோற்றப் பிழை முழுதாக வேலை செய்யும். ஆகவே உயரத்தை முடிவு செய்ய வேண்டியது கழுத்து. சுடும் நிலையில் படுத்து, கண்ணை மூடி, கன்னத்தை இயல்பாகப் பதித்து, பிறகு கண்ணைத் திறந்தால் முழு வட்டமும் நிழல் இல்லாமல் தெரிய வேண்டும். முன்பின் நகர்த்துவதும் அப்படியே. படுக்கும்போது தலை முன்னே போகும், மேஜையில் பின்னே வரும். கடையில் நின்றுகொண்டு மாட்டினால் இரண்டுக்கும் சரிவராது. போல்ட் கைப்பிடி கண்பக்கத்துக் குழாயில் இடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சி.இசட் 452, 455 ரைஃபிள்களில் போல்ட் 90 டிகிரி மேலே வரும், 457இல் 60 டிகிரிதான். முன்னதற்குத் தாழ்ந்த ரிங் சரிப்பட்டு வராமல் போகலாம்.

அடுத்தது சாய்வு. குறுக்குக்கோடு ரைஃபிளுக்கு நேராக இருக்க வேண்டும் என்று ரசமட்டத்தை ரைஃபிள் மேலும் ஸ்கோப் மேலும் வைத்து மணிக்கணக்கில் போராடுவார்கள். கணக்குப் போட்டால் ஒரு வேடிக்கை தெரியும். குறுக்குக்கோடு புவிக்குச் செங்குத்தாக நின்று, ரைஃபிள் மட்டும் அதற்குக் கீழே 2 டிகிரி திரும்பியிருந்தால் என்ன ஆகும்? குழலின் மையம் ஸ்கோப்பின் நேர்கீழிலிருந்து 1.6 மி.மீ. பக்கவாட்டில் விலகியிருக்கும். அவ்வளவுதான். 50 மீட்டரில் சரிசெய்துவிட்டால் அங்கே பிழை பூஜ்யம், 100 மீட்டரில் அதே 1.6 மி.மீ. மறுபக்கம்.

சுடும்போது முழு ரைஃபிளும் ஸ்கோப்போடு சேர்ந்து 2 டிகிரி சாய்ந்தால் கதை வேறு. 50 மீட்டர் போவதற்குள் தோட்டா புவியீர்ப்பால் சுமார் 12 செ.மீ. விழுகிறது, அதை ஈடுகட்டத்தான் குழல் மேல்நோக்கிச் சரிவாக இருக்கிறது. அந்தச் சரிவு பக்கவாட்டில் திரும்பினால் 50 மீட்டரில் 4 மி.மீ. விலகும், 100 மீட்டரில் 18 மி.மீ. அதாவது பட்ஜெட்டில் பாதி. ஒவ்வொரு முறையும் ஒரே அளவு சாய்த்தால் பரவாயில்லை, கிளிக்கில் சரிசெய்துவிடலாம். ஒரு முறை இப்படி, ஒரு முறை அப்படி என்றால்தான் ஆபத்து. எனவே செய்ய வேண்டியது, தூரத்தில் கொத்தனாரின் தூக்குக்குண்டு ஒன்றைத் தொங்கவிட்டு, செங்குத்துக் கோட்டை அந்த நூலோடு பொருத்தி ரிங்குகளை இறுக்குவது. ஸ்கோப்பில் ஒரு குட்டி ரசமட்டம் மாட்டி ஒவ்வொரு தோட்டாவுக்கும் அதைப் பார்ப்பது. ரைஃபிளின் உடலோடு ஒப்பிடும் சடங்கை விட்டுவிடலாம்.

இறுக்கும்போது "நல்லா டைட்டா" என்பது கூடாத அறிவுரை. ரிங் மூடிகளுக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்வது 2 நியூட்டன் மீட்டருக்கு உட்பட்ட முறுக்குவிசை. ஆலன் கீயை முழுப் பலத்தோடு திருகினால் இதைச் சுலபமாகத் தாண்டிவிடலாம். குழாய் நசுங்கும், உள்ளே நகரும் பாகங்கள் திக்கும், கிளிக் திருகினால் குறி நகராமல் நின்று அடுத்த தோட்டாவில் குதிக்கும். ஸ்கோப் மட்டம் என்று கடையில் போய்ச் சண்டை போடுவோம்.

பழைய ஸ்கோப் ஒன்று

இந்த இடத்தில் அமெரிக்காவின் பழைய உனெர்ட்ல், லைமன் டார்கெட் ஸ்கோப்புகளை நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. வின்செஸ்டர் 52 போன்ற ரைஃபிள்களின் மேல் நீண்ட ஒல்லிக் குழாயாக நிற்கும். அவற்றில் சரிசெய்யும் திருகுகள் ஸ்கோப்புக்குள் கிடையாது, மவுன்ட்டில்தான். மைக்ரோமீட்டர் திருகைத் திருப்பினால் முழுக் குழாயும் நகரும், குறுக்குக்கோடு எப்போதும் லென்ஸின் நடுவிலேயே இருக்கும். இரண்டு அடித்தளங்களுக்கும் இடையே 7.2 அங்குலம் என்று ஏன் ஒரு விநோத எண் வைத்தார்கள்? திருகின் ஒரு கிளிக் அரை ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம், அதாவது 0.0005. அதை 7.2ஆல் வகுத்து 100 கஜத்துக்குப் பெருக்கினால் சரியாகக் கால் அங்குலம். மாட்டும் இடத்தின் அளவே கணிதத்தில் பங்கு பெற்றிருந்தது. மவுன்ட்டை அலட்சியம் செய்ய அந்தக் காலத்துக்காரருக்கு வழியே இல்லை.

அந்த ஸ்கோப்புகளுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மங்கலானவை, கனமானவை, தட்டினால் நகர்பவை. இன்றைய ஸ்கோப் எல்லாவற்றையும் குழாய்க்குள் போட்டு மூடிவிட்டதில் நமக்கு வசதிதான். கூடவே, மவுன்ட் என்பது வெறும் துணைப்பொருள், பில்லில் கடைசி வரி, என்ற எண்ணமும் வந்துவிட்டது. நான் விமர்சிக்கும் அறிவுரைகள் எல்லாம் அந்த எண்ணத்தில் முளைத்தவை.

காசுக் கணக்கு

கடைசியாக "ரைஃபிள் விலை, ஸ்கோப் விலை" விதி. தோட்டாவை மறந்துவிட்ட விதி இது. ஒரே பெட்டியில் இரண்டு தோட்டாக்களின் வேகம் வினாடிக்கு 3 மீட்டர் மாறுபட்டால், 50 மீட்டரில் உயரத்தில் 2 மி.மீ.க்குச் சற்று மேல் வித்தியாசம் வரும், 100 மீட்டரில் ஒரு செ.மீ. அளவு. இதை உலகத்தின் எந்த ஸ்கோப்பும் சரிசெய்யாது. ஒரு தயாரிப்பின் பல லாட்டுகளைச் சுட்டுப் பார்த்து, தன் குழலுக்கு ஒத்துவருவதைக் கண்டுபிடித்து, அதில் மொத்தமாக வாங்கி வைப்பது போட்டிக்காரர்களின் வழக்கம். ஸ்கோப்பில் மிச்சம் பிடிக்கும் காசுக்கு அங்கே உண்மையான மில்லிமீட்டர் கிடைக்கும்.

ஆக, 50 மீட்டரில் சுடத் தொடங்கும் ஒருவர் என்னிடம் கேட்டால் நான் சொல்லும் வரிசை இது. முதலில், 50 மீட்டரில் இடமாறு தோற்றப் பிழையை நீக்கும் வசதி இருக்க வேண்டும். இது இல்லாவிட்டால் மற்றதைப் பார்க்கவே வேண்டாம். இரண்டாவது, எட்டில் ஒரு நிமிடக் கிளிக், குறைந்தபட்சம் கால் நிமிடம், திருப்பியதும் நகர்ந்து, திருப்பி வைத்ததும் பழைய இடத்துக்கே வருவது. மூன்றாவது, தன் ரைஃபிளின் பள்ளத்துக்கென்றே செய்த ரிங், முறுக்குவிசை காட்டும் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர், ஒரு ரசமட்டம். நான்காவது, தோட்டா. உருப்பெருக்கம் ஐந்தாவது. படுத்துச் சுடுபவருக்கு 10 முதல் 20 வரை தாராளம், மேஜைக்காரர் விருப்பம் போல் போகலாம்.

பெட்டியில் இந்த வரிசையில் அச்சடித்து யாரும் விற்கப் போவதில்லை. திருகும் ரசமட்டமும் விளம்பரத்தில் அழகாக இருக்காது, 36 எக்ஸ் அழகாக இருக்கும். விற்பவர் தன் வேலையைச் செய்கிறார், அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அறிவுரை எழுதுபவர்களும் பெட்டியைப் பார்த்தே எழுதும்போதுதான், வாங்குபவரின் காசு தவறான மில்லிமீட்டருக்குப் போகிறது.